தலைக் கணக்கும் வாக்குக் கணக்கும்

தேர்தல் என்றதும் மக்களுடைய நினைவிற்கு வருவன வாக்குச் சாவடியும், வாக்குப் பெட்டியும், மேடைப் பேச்சும், வெற்றி ஊர்வலமுமே. இவை யாவற்றுக்கும் முன்னதாக, ஆரவாரம் எதுவுமின்றி, மேசையொன்றின் மீது விரித்த தேசப்படத்திலே ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கும். அதுவே தொகுதிகளுக்கு எல்லை வகுக்கும் காரியம். ஆற்றுக்கு இப்பால் ஒரு தொகுதி, அப்பால் மற்றொரு தொகுதி என்று அங்கே கீறப்படும் கோடு, எந்த ஊரார் எந்த ஊராரோடு கூடி ஒருவரைத் தெரிவு செய்வர் என்பதை விதிக்கின்றது. வாக்காளன் சாவடியின் வாசலை மிதிப்பதற்கு முன்னரே, அவன் இடப்போகும் வாக்கின் பெறுமதியில் ஒரு பங்கு அந்தக் கோட்டினால் தீர்மானமாகிவிடுகின்றது.

எல்லை வகுக்கும் சட்டம் எதுவாயினும் அது இரண்டு வினாக்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். யாரை எண்ணுவது என்பது ஒன்று. எண்ணப்பட்டோரை எவ்வாறு பிரிப்பது என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவைப் பற்றியே அரசியல்வாதிகள் பெரிதும் வழக்காடுவர். முதலாவது வினாவோ, எவரும் விடையறிந்த வினாவாகக் கருதப்பட்டு, கேட்பாரின்றிக் கிடக்கும். ஆயினும் அநீதி பெரும்பாலும் நுழைவது அந்தக் கேட்பாரற்ற வாயில் வழியாகவே. இதற்கு இலங்கைத் தேர்தற் றொகுதிகளின் வரலாற்றைப் பார்க்கிலும் தெளிவான சான்று காண்பது அரிது.

பாராளுமன்ற ஆட்சியின் தாயகமெனப்படும் இங்கிலாந்திலே நிலைமை ஒரு காலத்தில் எவ்வாறிருந்தது? ஓல்ட் சாரம் என்பது பழைய காலத்துக் கோட்டையும் கோயிலும் இருந்து அழிந்த ஒரு மேடு. குடிகள் நீங்கிப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரும், 1832ஆம் ஆண்டு வரை அம்மேடு பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பி வந்தது. வாக்காளரைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அதே காலத்தில், ஆலைகள் நிறைந்து மக்கள் மொய்த்த மான்செஸ்டர் நகருக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய 56 பழைய தொகுதிகளின் உரிமையை முற்றாக நீக்கி, புதிய நகரங்களுக்கு இடமளித்தது. அங்கே கண்ட குறை, மக்கள் இல்லாத நிலத்துக்கு ஆசனம் இருந்தமை. இலங்கையிலே பின்னர் தோன்றிய குறையோ வேறு வகையானது. மக்கள் இருந்தனர், அவர்களை எண்ணி ஆசனமும் வழங்கப்பட்டது, ஆனால் அந்த ஆசனத்துக்கு உரியவரைத் தெரிவு செய்யும் வாக்கு அவர்களிடம் இருக்கவில்லை.

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டில், டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் வந்தது. அரசாங்க சபைக்கு 50 உறுப்பினர் பிரதேச வாரியாகத் தெரிவு செய்யப்பட்டனர். அதற்கு முன்னிருந்த இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கி, ஊரும் நிலமுமே தொகுதிக்கு அடிப்படையாயின. மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவழியினரிலும், சட்டம் விதித்த தகுதிகளை உடையோர் வாக்களித்தனர். அட்டன் தொகுதியிலிருந்து தெரிவான திரு. பெரி சுந்தரம் அவர்கள் அவ்வாண்டிலேயே தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் அமர்ந்தார். தோட்டத்து மக்களின் வாக்கு ஓர் அமைச்சரைத் தருமளவுக்கு வலியுடையதாயிருந்தது என்பதற்கு அஃது ஒரு சான்று.

இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில் சுயாட்சிப் பேச்சு வலுப்பெற்றது. பிரதேச வாரியான தெரிவு, எண்ணிக்கையில் குறைந்த சமூகங்களை நிரந்தரமான சிறுபான்மையாக்கிவிடும் என்ற அச்சம் அப்பொழுது ஓங்கியது. சபையின் ஆசனங்களிற் பாதி சிறுபான்மையோருக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்று திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் சோல்பரி ஆணைக்குழுவின் முன் வாதாடினார். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, திரு. டி. எஸ். சேனநாயக்கா அவர்களின் தலைமையில் அமைச்சர்கள் முன்வைத்த எல்லை வகுக்கும் முறையையே ஏற்றது. 1946ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கட்டளையில் அம்முறை சட்ட உருப்பெற்றது.

அந்தச் சூத்திரம் கேட்பதற்கு எளிது. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம். அதன்மேல், ஏறத்தாழ 1,000 சதுர மைல் நிலத்துக்கு ஓர் ஆசனம். மக்கட்டொகைக்கு 70, நிலப்பரப்புக்கு 25. ஆகத் தெரிவு செய்யப்படும் உறுப்பினர் 95 பேர். நியமன உறுப்பினர் அறுவரும் சேரப் பிரதிநிதிகள் சபையில் 101 இடங்கள். நிலத்துக்கும் ஆசனம் எதற்கு என்று கேட்கலாம். கல்லும் காடும் வாக்களிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் வரண்ட பிரதேசங்களிலே குடிகள் ஐதாகப் பரந்திருந்தனர். தலையை மட்டும் எண்ணினால் தென்மேற்குக் கரையோரமே சபையை நிரப்பிவிடும். வடக்கும் கிழக்கும், வன்னியும் ஊவாவும் குரலற்றுப் போகும். அதனைத் தடுக்கவே நிலத்துக்கும் நிறை கொடுக்கப்பட்டது.

அதன் பயனைக் கணக்கிலே காணலாம். மக்கட்டொகைக்கு அடிப்படையாயிருந்தது 1931ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு. மேல் மாகாணத்தில் அப்பொழுது பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அம்மாகாணத்துக்கு ஆட்கள் பொருட்டுக் கிடைத்தவை 19 ஆசனங்கள், நிலத்தின் பொருட்டு ஒன்று, ஆக 20. வட மத்திய மாகாணத்தில் வாழ்ந்தோர் ஓர் இலட்சத்துக்கும் குறைந்தவர். ஆட்கள் பொருட்டு ஓர் ஆசனமே கிடைத்தது. நிலத்தின் பொருட்டோ நான்கு, ஆக 5. வட மாகாணத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். ஆட்களுக்கு 5, நிலத்துக்கு 4, ஆக 9. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி, மன்னார், வவுனியா என்னும் ஒன்பது தொகுதிகள் இவ்வாறு பிறந்தவையே. கிழக்கு மாகாணத்துக்கு 7 தொகுதிகள் கிடைத்தன.

எத்தனை ஆசனங்கள் என்பதைச் சூத்திரம் சொல்லிவிடும். எங்கே கோடு கீறுவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. அப்பணி, அரசியலில் ஈடுபடாதவர் மூவரைக் கொண்ட ஆணைக்குழுவிடம் விடப்பட்டது. 1946ஆம் ஆண்டின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திரு. எல். எம். டி. டி சில்வா. ஒரு மாகாணத்தின் தொகுதிகள் இயன்றவரை சம எண்ணிக்கையான ஆட்களைக் கொண்டிருத்தல் வேண்டும். அதே வேளையில் போக்குவரத்து வசதியையும், ஆறு மலை முதலிய இயற்கை அமைப்பையும், மக்களின் நலன்கள் ஒன்றுபடுவதையும் வேறுபடுவதையும் கவனிக்க வேண்டும் என்பது விதி. இனத்தாலோ மதத்தாலோ வேறு காரணத்தாலோ ஒன்றுபட்டு, சுற்றியுள்ள பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபட்டு, ஓரிடத்திற் செறிந்து வாழும் மக்கள் தமக்கென ஒரு பிரதிநிதியைப் பெறத்தக்கவாறு எல்லை வகுப்பதற்கும் குழுவுக்கு அதிகாரம் இருந்தது.

பல்வேறு சமூகத்தவர் கலந்து வாழுமிடத்தில் ஒரே தொகுதிக்கு இரண்டு மூன்று உறுப்பினரை அளிக்கும் உபாயமும் கையாளப்பட்டது. கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதியாயிற்று. அம்பலாங்கொடை–பலப்பிட்டி, கடுகண்ணாவை, பதுளை, பலாங்கொடை ஆகிய நான்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாயின. இவ்வாறு 89 தொகுதிகளிலிருந்து 95 உறுப்பினர் தெரிவாக வழி பிறந்தது. ஊரின் முழுப் பெரும்பான்மையைப் பெறமாட்டாத சமூகம் ஒன்று, தன் வாக்குகளைச் சிதறவிடாது சேர்த்து, ஓர் ஆசனத்தையாவது எட்டுவதற்கு இஃது உதவிற்று.

இந்த ஏற்பாட்டின்படி சிங்களவர் 58, இலங்கைத் தமிழர் 15, இந்தியத் தமிழர் 14, முஸ்லிம்கள் 8 இடங்களைப் பெறக்கூடுமென்று அன்று மதிப்பிடப்பட்டது. மதிப்பீடு மதிப்பீடே, தேர்தல் அதனை அப்படியே பின்பற்றவில்லை. எனினும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் தெரிவாயினர். நுவரெலியாவில் திரு. சௌ. தொண்டமானும், தலவாக்கொல்லையில் எழுத்தாளராகிய திரு. சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுட் சிலர். வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளிலே தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளரின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தன.

சட்டத்தின் நோக்கத்தில் பழுதில்லை. சிறுபான்மையோருக்குத் தனித் தொகுதி என்று பெயர் சொல்லாமலே, கோட்டை நிதானமாகக் கீறி அவர்களுக்கு இடம் தருவதே அதன் உட்கிடை. ஆனால் அதில் ஒரு சொல் இருந்தது. 75,000 ‘ஆட்கள்’ என்பதே அச்சொல். வாக்காளர் என்றோ, பிரசைகள் என்றோ சட்டம் சொல்லவில்லை. குழந்தையும் கிழவரும், வாக்குள்ளோரும் இல்லாதோரும் யாவரும் ஆட்களே. 1946ஆம் ஆண்டில் அச்சொல்லின் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. ஏனெனின், ஓர் ஊரின் ஆட்களும் வாக்காளரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பர் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை மூன்றாண்டுகளுக்குள் தகர்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வமிசாவழி நிறுவமாட்டாத தோட்டத்து மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாக்கிஸ்தானிய வாசிகள் பதிவு மூலம் பிரசாவுரிமை பெற ஒரு வாயிலைத் திறந்தது. விவாகமானவர் ஏழாண்டும், விவாகமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தலும் வேண்டும். லயத்து அறையிற் பிறந்து, லயத்து அறையிலேயே வளர்ந்து, பத்திரம் எதனையும் பேணி வைக்கும் வழக்கமில்லாத தொழிலாளிக்கு அந்தச் சான்று எங்கிருந்து கிடைக்கும்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. அவற்றின்மேல் விசாரணை ஆண்டுக் கணக்கில் நீண்டது. ஈற்றில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. அதே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் றிருத்தச் சட்டம், பிரசையல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழி செய்தது.

1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மலைநாட்டுத் தொகுதிகளின் இடாப்புகள் மிகச் சுருங்கியிருந்தன. அவ்வாண்டில் காங்கிரசார் சத்தியாக்கிரகம் நடத்தினர். 1947இல் ஏழு உறுப்பினரைத் தந்த சமூகத்திலிருந்து அத்தேர்தலில் காங்கிரசின் பெயரால் ஒருவரும் சபை புகவில்லை.

இங்கேதான் எல்லை வகுக்கும் சட்டத்தின் விந்தை வெளிப்படுகின்றது. வாக்காளர் இடாப்பு சுருங்கிற்று, தொகுதிகள் சுருங்கவில்லை. ஏனெனின் தொகுதிகள் ஆட்களின் கணக்கில் வகுக்கப்பட்டவை. தோட்டத்து மக்கள் வாக்குரிமை இழந்தனரேயன்றி, ஆட்களாயிருத்தலை இழக்கவில்லை. குடிசன மதிப்பு அதிகாரி லயத்து வாசலுக்கு வந்து அவர்களை எண்ணிச் சென்றார். தேர்தல் அதிகாரியோ அவ்வாசலுக்கு வரவில்லை. 1953ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் 974,098 பேர். 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம் என்னும் கணக்கின்படி அத்தலைகளுக்கு உரியவை ஏறத்தாழப் பதின்மூன்று ஆசனங்கள். அந்த ஆசனங்கள் மறைந்தொழியவில்லை. அம்மக்கள் வாழ்ந்த மாகாணங்களிலே, அயற்கிராமத்து வாக்காளரின் கைக்கு அவை சென்றன.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். மலைநாட்டில் 75,000 ஆட்களைக் கொண்ட தொகுதி ஒன்றைக் கற்பனை செய்க. அவர்களிற் பாதிப்பேர் தோட்டத்தில் வாழும் வாக்கற்றோர், மறுபாதியினர் கிராமத்தவர். கரையோரத்தில் அதே 75,000 ஆட்களைக் கொண்ட மற்றொரு தொகுதியில் யாவரும் பிரசைகள். இரண்டு தொகுதிகளும் ஒவ்வோர் உறுப்பினரையே அனுப்புகின்றன. ஆகவே மலைநாட்டுக் கிராமத்தவரின் ஒரு வாக்கு, கரையோரத்தவரின் இரண்டு வாக்குகளுக்கு ஈடாகின்றது. அந்த இரண்டாவது வாக்கு எங்கிருந்து வந்தது? வரிசையில் நிற்கவே இடமில்லாத தோட்டத் தொழிலாளியின் தலையிலிருந்து வந்தது. பிரதிநிதித்துவம் இல்லாதவனைக் காட்டி வேறொருவன் இரட்டைப் பிரதிநிதித்துவம் பெற்றான் என்பதே இதன் பொருள்.

கண்டிப் பிரதேசக் கிராமத்தவருடைய மனக்குறையையும் இங்கே மறைத்தலாகாது. கோப்பித் தோட்டத்தின் பொருட்டும் தேயிலைத் தோட்டத்தின் பொருட்டும் அவர்கள் சூழலிலிருந்த காடும் மேய்ச்சல் நிலமும் கைமாறின. குன்றெங்கும் வந்து குடியேறியோரின் எண்ணிக்கை தம்மை விழுங்கிவிடும் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் கற்பனையன்று, வரலாற்றில் வேரூன்றியது. ஆனால் நிலத்தைப் பறித்தவன் தொழிலாளியல்லன். ஓர் ஏழையின் இழப்பை ஈடுசெய்ய மற்றோர் ஏழையின் குரலை எடுத்துக் கொடுத்தது நீதியின் கணக்கில் சேராது.

நீதிமன்றத்தின் வாசலும் தட்டப்பட்டது. சபரகமுவையில் ஒரு தொகுதியின் வாக்காளர் இடாப்பை ஒட்டி எழுந்த வழக்கு, உயர் நீதிமன்றத்தைக் கடந்து இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்னும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே வாதிகளின் நம்பிக்கை. பிரசாவுரிமைக்குத் தகுதி விதித்தல் ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் எனக் கூறி, 1953ஆம் ஆண்டில் பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்கள் செல்லும் எனத் தீர்த்தது.

ஒவ்வொரு குடிசன மதிப்பின் பின்னரும் ஓராண்டுக்குள் புதிய எல்லை வகுக்கும் குழு அமைதல் வேண்டுமென்பது மூல விதி. 1953ஆம் ஆண்டு மதிப்பின் பின்னர் அவ்வாறு நடைபெறவில்லை. 1954ஆம் ஆண்டில் நேரு–கொத்தலாவலை உடன்பாட்டைத் தொடர்ந்து, பதிவுப் பிரசைகளுக்கெனத் தனி இடாப்பும் அவர்களுக்கு நான்கு உறுப்பினரும் அமையச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ்த் தேர்தல் ஒருபொழுதும் நடைபெறவில்லை.

1959ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அரசியலமைப்புத் திருத்தச் சட்டமே தொகுதிகளின் தேசப்படத்தை உண்மையிற் புதிதாக வரைந்தது. அதன்படி அமைந்த ஆணைக்குழு 145 தொகுதிகளை வகுத்தது. தெரிவு செய்யப்படும் உறுப்பினர் 151 பேராயினர். வடக்கில் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி என்னும் நான்கு தொகுதிகள் புதியனவாக எழுந்தன. கிழக்கில் மட்டக்களப்பும் மூதூரும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாயின. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் அவ்விடங்களில் இரு சமூகத்தாரும் சபை புகுதற்கு அஃது ஒரு வாயில். அதே கிழக்கில், கல்லோயாக் குடியேற்றத்தை ஒட்டிய அம்பாறைப் பகுதியும் தனித் தொகுதியாயிற்று. குடியேற்றம் நிலத்தை மாற்றுகின்றது, நிலம் தொகுதியை மாற்றுகின்றது, தொகுதி சபையை மாற்றுகின்றது என்னும் உண்மையைக் கிழக்கு மாகாணத்தவர் அன்றே கண்டுகொண்டனர்.

நான்கு இரட்டைத் தொகுதிகளும், மூவரை அனுப்பும் கொழும்பு மத்தியும் உட்பட இத்தனை நுட்பமாக வரையப்பட்ட அந்தப் படத்திலும் பழைய பழுது நீங்கவில்லை. எண்ணப்பட்டோர் அப்பொழுதும் ‘ஆட்களே’. நாடற்ற இலட்சக்கணக்கான மக்கள் மலைநாட்டின் ஆசனங்களைப் பெருக்கினர். அந்த ஆசனங்களில் அமர்வோரைத் தெரிவு செய்வதில் அவர்களுக்குப் பங்கில்லை. 1960ஆம் ஆண்டின் இரு தேர்தல்களும், 1965, 1970ஆம் ஆண்டுத் தேர்தல்களும் இந்தப் படத்தின்மேலேயே நடைபெற்றன. 1960களில் திரு. தொண்டமான் அவர்கள் சபையில் அமர்ந்தது நியமன உறுப்பினராகவே. ஒரு சமூகத்தின் குரல், தெரிவினாலன்றி நியமனத்தினால் ஒலிக்க வேண்டியதாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமா–சாஸ்திரி உடன்பாடு கையொப்பமாயிற்று. 975,000 பேரின் கதி அதிற் பேசப்பட்டது. 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தது. மக்களைத் தானிய மூடைபோல் அளந்து பிரித்த அந்த ஏற்பாட்டினால் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னார்த் துறையில் பிரிந்தன. எனினும் பிரசாவுரிமை பெற்று இங்கே நிலைத்தோர் மெல்ல மெல்ல வாக்காளர் இடாப்பிலும் ஏறலாயினர்.

1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பின் கீழ் அமைந்த ஆணைக்குழு 1976ஆம் ஆண்டில் இறுதியாகத் தொகுதிகளை வகுத்தது. 160 தொகுதிகள், 168 உறுப்பினர். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக அமைக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் அதன் மூன்றாம் உறுப்பினராகத் திரு. தொண்டமான் தெரிவானார். 1947ஆம் ஆண்டுக்குப் பின், முப்பதாண்டு கழித்து, மலையகத் தோட்டத்து மக்களின் வாக்கு அவர்களுடைய தலைவர் ஒருவரை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. ஒரு கோட்டை எவ்வாறு கீறினால் ஒரு சமூகம் வாயடைத்துப் போகும், எவ்வாறு கீறினால் அது வாய் திறக்கும் என்பதற்கு இந்த முப்பதாண்டுகளே உரைகல்.

அதே 1977ஆம் ஆண்டுத் தேர்தல் வேறொரு குறையையும் காட்டிற்று. நூற்றுக்கு முப்பது அளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 168இல் 8 ஆசனங்களே கிடைத்தன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. மாகாணத்துக்கு நான்காக 36 ஆசனங்கள். ஏனைய 160 ஆசனங்களும் தேர்தல் மாவட்டங்களுக்குப் பகிரப்படும். 1988ஆம் ஆண்டின் திருத்தத்தால் தேசியப் பட்டியலில் 29 இடங்கள் சேர, மொத்தம் 225 ஆயிற்று. பழைய 160 தொகுதிகளும் வாக்கெடுப்புப் பிரிவுகள் என்னும் பெயரோடு தேசப்படத்தில் எஞ்சின.

இம்மாற்றத்தோடு, நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த அந்த முதல் வினாவுக்கும் வேறு விடை கிடைத்தது. 160 ஆசனங்களையும் மாவட்டங்களுக்குப் பகிரும்போது எண்ணப்படுவோர் ஆட்களல்லர், பதிவான வாக்காளரே. வாக்கற்ற தலைகளைக் காட்டி ஆசனம் பெறும் பழைய வழி இதனால் அடைபட்டது. நாடற்றோர் பிரச்சினையும் 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலும் தீர்வு கண்டது.

ஆனால் எந்த விடையும் தனக்கென ஒரு நிழலைக் கொண்டே வருகின்றது. வாக்காளரை மட்டும் எண்ணும் முறையில், இடாப்பிலிருந்து பெயர் நீங்கியோருடைய ஊர் தன் ஆசனத்தையும் இழக்கும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சியும் சேர, 1977ஆம் ஆண்டில் 11 தொகுதிகளைக் கொண்டிருந்த நிலம். போரினால் மக்கள் இடம்பெயர்ந்தனர். இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். 1994ஆம் ஆண்டில் அம்மாவட்டத்துக்கு 10 ஆசனங்கள், 2010இல் 9, 2015இல் 7, 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் 6. கோடு எதுவும் புதிதாகக் கீறப்படவில்லை. எண்ணிக்கையே கோட்டின் வேலையைச் செய்து முடித்தது. மலைநாட்டில் மக்கள் இருக்க வாக்கு நீங்கிற்று. வடக்கிலோ மக்கள் நீங்க ஆசனம் நீங்கிற்று.

எல்லை வகுத்தலில் ஏற்படும் தாமதமும் தீங்கற்றதன்று. 2017ஆம் ஆண்டில் மாகாண சபைத் தேர்தல் முறை மாற்றப்பட்டு, புதிய தொகுதிகளை வகுக்க ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கையைப் பாராளுமன்றம் 2018ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது. அதன்பின் பல ஆண்டுகள் மாகாண சபைத் தேர்தல் நடைபெறாமலே கழிந்தன. பழைய படம் கிழிக்கப்பட்டது, புதிய படம் வரையப்படவில்லை. இடையில் வாக்காளன் காத்திருந்தான்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? தொகுதிகளைத் திருத்தும் சட்டம் ஒன்று சபைக்கு வரும்பொழுது, எத்தனை ஆசனங்கள் கூடின, எந்தக் கட்சிக்கு எது ஆதாயம் என்பதையே பத்திரிகைகள் பெரிதாக எழுதும். குடிமகன் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. இச்சட்டம் யாரை எண்ணுகின்றது? எண்ணப்பட்டவன் கையில் வாக்கு இருக்கின்றதா? வாக்குள்ளவன் எண்ணப்பட்டிருக்கின்றானா? கோட்டைக் கீறுவோர் கட்சிச் சார்பற்றவரா? அவர்களின் அறிக்கை காலத்தில் வெளிவந்து காலத்தில் நிறைவேறுகின்றதா? 1946ஆம் ஆண்டின் ஏற்பாடு, சிறுபான்மையோரைக் காக்கும் நல்ல எண்ணத்தோடு பிறந்தது. அதன் எழுத்தில் எவரும் கை வைக்கவில்லை. அதனருகே நின்ற வேறொரு சட்டம் வாக்காளர் இடாப்பை மாற்றியதும், காவலாக நின்ற வேலி மறுபக்கம் திரும்பிற்று.

தேயிலைக் கொழுந்து நிறுவைக்கு வரும்பொழுது, தராசின் முள் எங்கே நிற்கின்றதென்று தொழிலாளி உற்று நோக்குவாள். தன் நாட்கூலி அந்த முள்ளில் தங்கியிருப்பதை அவள் அறிவாள். தொகுதியின் எல்லையும் அத்தகைய தராசே. அதன் முள்ளையும் அவ்வாறே உற்று நோக்கும் மக்களைக் கொண்ட நாட்டில், ஒருவர் தலையை எண்ணி வேறொருவர் ஆசனம் பெறுதல் எளிதன்று.